என் தொண்டையும் பிடியரிசிக் கஞ்சியும்

"என்ன கிரேஸு, ஆஸ்பத்திரியில என்னதான் நடந்துச்சு?" என்று எங்கள் சபையில் கேட்காத ஆள் இல்லை. ஆளாளுக்கு ஒரு கதை வேறு கட்டிவிட்டார்கள். எனக்குப் புற்றுநோய் என்று ஒரு கட்சி, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி. ஒவ்வொருத்தரையும் கையைப் பிடித்து நிறுத்தி முழுக் கதையையும் சொல்ல எனக்கு ஆசைதான். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு போட்டிருக்கிறாரே! அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். நினைக்க நினைக்க மனசு துள்ளுகிறது, எழுத்து கோணல்மாணலாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு முதலில் என் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டிக்குப் போய் பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் செட்டில் வேலை பார்க்கிறேன். அங்கே விசைத்தறிகள் ஓடுகிற ஓட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. நான் பேசினால் விழும். "கிரேஸக்கா கூப்பிட்டா தறியே ஒரு நிமிசம் யோசிக்கும்" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். சபையில் வாத்தியம் இல்லாத கூட்டங்களில் பாட்டை எடுத்துக்கொடுப்பதும் நான்தான். விடியுமுன் எழுந்து முழங்காலில் நின்று நான் ஜெபிக்கிற சத்தத்தில்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் எழுந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே படுத்திருந்தும் எழுந்திருக்காத ஆள் என் வீட்டுக்காரர் செல்வராஜ். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரிக்குப் பஸ் ஓட்டுகிறார். சபைக்குக் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வருவார். வந்தாலும் வாசலை ஒட்டின கடைசி பெஞ்சுதான்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. சோற்றுக்கோ இட்லிக்கோ அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு தூக்குவாளியில் போட்டுவிடுவேன். பிடியரிசி என்போம். மாதத்தின் முதல் ஞாயிறு அதை எங்கள் சபைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். அந்த அரிசி உடம்புக்கு முடியாதவர்கள் வீட்டுக்குப் போகும். பிடி போடும்போது யாராவது ஒருவர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டு, கூடவே "இதச் சாப்பிடப் போறது யாரோ, அவங்களுக்குச் சுகத்தக் கொடும் ஆண்டவரே" என்று ஒரு வரி ஜெபம் செய்வேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வேளைகூட விட்டதில்லை.

கழுத்தில் வீக்கம் இருப்பதை முதலில் பார்த்தது என் நாத்தனார் ஜெயா. "மதினி, எச்சி முழுங்கும்போது தொண்டையில ஏதோ ஏறி இறங்குதே, என்னது அது?" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். ஆமாம், ஒரு நெல்லிக்காய் கணக்காக ஏதோ ஏறி இறங்கியது. ராஜபாளையத்தில் ஸ்கேன் எடுத்தோம். தைராய்டு என்று கழுத்தின் முன்பக்கம் ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவுசெய்கிற சுரப்பி. அதில்தான் கட்டி. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டுத் துளி உறிஞ்சி எடுத்து சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிறவரை சோறு இறங்கவில்லை. கடைசியில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. தோத்திரம்! ஆனால் கட்டி பெரிதாகி மூச்சுக்குழாயை அழுத்துகிறது, சுரப்பியை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து ஆபரேஷன் செய்கிற டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, அதன் நுனியில் இருந்த குட்டிக் கேமராவில் என் குரல் நாண்களை எனக்கே காட்டினார். வெள்ளையாக இரண்டு, கதவுபோல. பேசினால் சேர்கின்றன, மூச்சு விட்டால் திறக்கின்றன. இவ்வளவு காலம் போட்ட சத்தமெல்லாம் இந்தத் துளியூண்டு சமாச்சாரத்திலிருந்தா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பிறகு டாக்டர் நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டுக்கொண்டார்.

"அம்மா, இந்தச் சுரப்பிக்குப் பின்னாலயே குரலுக்குப் போற நரம்பு ஓடுது. நூல் கனம்தான் இருக்கும். பத்திரமா விலக்கித்தான் எடுப்பேன். ஆனாலும் சில பேருக்குக் குரல் அடைச்சுக்கும். பெரும்பாலும் திரும்பிரும். ஒண்ணு ரெண்டு பேருக்கு முழுசா வராமலும் போகலாம். இதச் சொல்லாம நான் கத்தியத் தொட முடியாது."

நூல் கனமா! நூல் எப்படி அறும் என்று என்னைக் கேளுங்கள். தறியில் நாளெல்லாம் அறுந்த நூலை முடிச்சுப் போடுவதுதானே பிழைப்பு. சத்தம் போனால் நான் யார்? தறிச் செட்டில் யார், சபையில் யார்? ஆண்டவரிடம்கூட எதை வைத்துப் பேசுவேன்?

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "சத்தம் போனாப் போகுது. வீடு செத்த நேரம் அமைதியா இருக்கும்" என்றார். முறைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால் வாங்காமல் போக மாட்டாரே, பால்கோவா வாங்கி என் கையில் கொடுத்தார். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பால்கோவாவை வேண்டாமென்கிற மனுசனை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். காப்பீட்டு அட்டை இருந்ததால் பில்லைப் பற்றிப் பெரிய கவலை இல்லாமல் போனது. அதுவே பாதி சுகம். ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும். துணைக்கு ஜெயா இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் கூமாப்பட்டிக்காரி வெள்ளையம்மா, பித்தப்பையில் கல். "எங்கூருக்குப் பிளவக்கல்லு அணையில இருந்து தண்ணி வருதுன்னு தெரியும். வயித்துக்குள்ள கல்லு எங்கிருந்துத்தா வந்துச்சு?" என்று நர்ஸைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தென்னந்தோப்பில் வேலை பார்த்த உடம்பு, வாய் ஓயாது. எனக்கு ஜோடி சேர்ந்துவிட்டது.

ஆபரேஷன் அன்று விடியலில் வழக்கம்போல ஜெபித்தேன். வார்டு என்பதால் மெதுவாகத்தான். மெதுவாக என்றால் என் அளவுக்கு மெதுவாக. "ஆண்டவரே, என் குரல மட்டும் பத்திரமாத் திருப்பிக் கொடுத்துட்டீர்னா, இனிமே வேளைக்கு ரெண்டு பிடி அரிசி போடுதேன்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"ஏத்தா, ரெண்டு பிடி பத்துமா? பெரிய வேலையால்ல இருக்கு!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. வாரச் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேசுகிற பேரத்தையா ஆண்டவரிடம் பேசுவது? சிரிப்பும் வந்துவிட்டது. மறுபடி கண்ணை மூடி, "பயமா இருக்கு. கூட இரும்" என்று மட்டும் சொன்னேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் பேரம் போய்விட்டது. "உங்க சாமிகிட்ட என் பேரையும் ஒரு வாட்டி சொல்லிரு தாயி" என்றார் வெள்ளையம்மா. சொன்னேன். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

கண் விழித்தபோது கழுத்தில் கட்டு. பக்கவாட்டில் ரத்தநீர் வடிய ஒரு குழாய். கட்டைத் தொட்டுப் பார்த்தேன், எங்கள் ஊர்த் துணிதான், விரலுக்குத் தெரியாதா! டாக்டர் வந்து, "எங்க, ஆ சொல்லுங்க" என்றார்.

காற்றுதான் வந்தது. வாயைத் திறந்து அடிவயிற்றிலிருந்து தள்ளிப் பார்த்தேன். மறுபடியும் காற்றுதான்.

மறுநாள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஒரு கதவு ஆடுகிறது, இன்னொன்று அசையாமல் நிற்கிறது. "நரம்பு அறுபடல, நான் கண்ணால பாத்திருக்கேன். அசந்து கிடக்கு. முழிக்கணும்" என்றார் டாக்டர்.

"எம்புட்டு நாளாகும் சார்?" என்று ஜெயா கேட்டாள்.

"வாரக்கணக்கும் ஆகலாம், மாசக்கணக்கும் ஆகலாம். அதுவரைக்கும் கத்த முயற்சி பண்ணக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது தொண்டைக்கு இன்னும் கேடு. சைகைதான்."

நானும் சைகையும்! வார்டே எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. ஆனால் உண்மையில் என்னை உலுக்கியது வேறு. சத்தமில்லாமல் எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லை. கண்ணை மூடினால் மனசு தறிச் செட்டுக்குப் போகிறது, அடுப்படிக்குப் போகிறது, எங்கெங்கோ போகிறது. இத்தனை வருசமும் என் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபித்தேனா என்று கேட்டுக்கொண்டேன். கடைசியில் ஒரு வழி தோன்றியது. பிடியரிசி போடுகிற மாதிரி கையை மூடி, மனசுக்குள் ஒரு பெயரைச் சொல்லி, கையைத் திறப்பது. ஒரு பிடிக்கு ஒரு பெயர். என்ன ஆச்சரியம், மனசு அப்படியே கட்டுப்பட்டு நின்றது! சந்தோஷத்தில் தெரு முழுவதையும் பிடி பிடியாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கையை இறுக்கி இறுக்கித் திறப்பதைப் பார்த்ததும், "டாக்டர்! பேஷண்டுக்குக் கை இழுக்குது!" என்று ஓடினாள்.

ஏனென்றால், தைராய்டுக்குப் பின்னால் பயறு பயறாகச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் காப்பது அவற்றின் வேலை. ஆபரேஷன் அதிர்ச்சியில் அவை சுணங்கினால் கால்சியம் குறைந்து விரல் மரத்து, கை தன்னால் இழுத்துக்கொள்ளும். "அக்கா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா? உதடு மரத்துப் போச்சா?" என்று கேள்விமேல் கேள்வி. இல்லை, ஜெபம் பண்ணுகிறேன் என்று எப்படிச் சொல்வது? விரலை மேலே காட்டினேன். நர்ஸ் அண்ணாந்து பார்த்துவிட்டு ஃபேனைக் குறைத்தாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தம் எடுத்தார்கள். பார்த்தால் கால்சியம் உண்மையிலேயே இறங்க ஆரம்பித்திருந்தது! "நல்ல வேளை, ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சோம்" என்று சொல்லி ஊசி மருந்து ஏற்றினார்கள். வெள்ளையம்மா என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் பொம்பளைக்கு மேல ஆள் இருக்காக" என்று ஜெயாவிடம் சொன்னார். நான் கட்டிலில் கிடந்து ஊமையாகக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

இப்போது கஞ்சிக்கு வருகிறேன். வீட்டுக்காரர் தினமும் காலையில் ராஜபாளையத்தில் மாணவர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் கிருஷ்ணன்கோவில் போக வேண்டும். நான் சேர்ந்த நாளிலிருந்து பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். இவர் தூக்குச்சட்டியோடு படியேறி ஓடி வருவார். கீழே பிள்ளைகள் ஜன்னல் வழியாக, "அண்ணே, அக்காவக் கேட்டோம்னு சொல்லுங்க!" என்று கத்துவார்கள். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுசன், தானே காய்ச்சின கஞ்சி. முதல் நாட்களில் அந்த அன்பிலேயே ருசி தெரியாமல் குடித்துவிட்டேன். கால்சியம் ஏற்றின மறுநாள்தான் நாக்கு ஒழுங்காக வேலை செய்தது. ஒரு பருக்கை குழைந்திருக்கிறது, ஒரு பருக்கை நறுக்கென்கிறது. கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பொன்னியும் இருக்கிறது, இட்லி அரிசியும் இருக்கிறது, ரேஷன் அரிசியும் இருக்கிறது. இப்படிக் கலந்த அரிசி எங்கள் வீட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் உண்டு.

நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். ஜெயா பதறி, "மதினி, நெஞ்சு வலிக்குதா?" என்று மணியை அடிக்கப் போனாள். அவள் கையைத் தட்டிவிட்டு, போனைப் பிடுங்கி, "எந்த அரிசி?" என்று எழுதி வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"டிரம்முல அரிசி தீந்துபோச்சு. செல்ஃபுல தூக்குவாளி நெறைய இருந்துச்சு. நீ எனக்குன்னு எடுத்து வச்சுட்டுப் போயிருக்கன்னு நெனச்சேன். பாசக்காரின்னு சந்தோசமா இருந்துச்சு."

ஐயையோ, ஆண்டவருக்கு எடுத்து வைத்த அரிசி! வாழ்நாளிலேயே ஒரு தடவை இந்த மனுசனைத் தெருவே கேட்கத் திட்ட வேண்டிய நேரம், வாயில் காற்றுதான் வருகிறது! கரண்டியை ஓங்கினேன். அவர் பின்னால் நகர்ந்தார். கீழே பஸ்ஸில் பிள்ளைகள் ஹாரனை அடித்தார்கள், நேரமாகிவிட்டதாம். "சாயங்காலம் வாரேன்" என்று தப்பித்து ஓடிவிட்டார். "நல்ல கஞ்சி தாயி, வீணாக்காத. இங்கிட்டுத் தள்ளு" என்று மிச்சத்தை வெள்ளையம்மா வாங்கிக் குடித்துவிட்டார்.

நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். கொடுத்ததைத் திருப்பி எடுத்துத் தின்றுவிட்டோமே, அதனால்தான் குரல் போய்விட்டதோ என்று ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. அறிவுகெட்ட எண்ணம்தான், ஆனாலும் நகர மாட்டேன் என்றது.

சாயங்காலம் போதகர் ஐயா பார்க்க வந்தார். ஜெயா ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனுசன் விழுந்து விழுந்து சிரிக்கிறார்!

"ஏம்மா, அந்த அரிசிய நாங்க என்ன பண்ணுவோம்? முடியாதவங்க வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். இந்த மாசம் முடியாத வீடு உங்க வீடுதான? செல்வராஜ் கோயிலுக்குக் கொண்டுவராம நேரா உங்களுக்கே கொண்டு வந்துட்டாரு. எனக்கு அலைச்சல் மிச்சம்!"

நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "பிடி போடும்போது என்ன சொல்லி ஜெபிப்பீங்க?" என்று கேட்டார்.

இதைச் சாப்பிடப் போகிறது யாரோ, அவர்களுக்குச் சுகத்தைக் கொடும். மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது! வாளி நிறைய எனக்கே ஜெபித்து வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாமலேயே. என் பழக்கம் எனக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்து காத்திருந்திருக்கிறது. கொடுத்தே பழகின கை எனக்கு, வாங்குவதற்குக் கூசியது. வாங்கிக்கொள்வதும் விசுவாசம்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மறுநாள் கஞ்சி வந்ததும் வழித்துக் குடித்தேன். இனி அந்த வாளியில் கை வைத்தால் தெரியும் என்று வீட்டுக்காரருக்குக் கண்ணாலேயே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தேன். தைராய்டு சுரக்க வேண்டியதற்குப் பதிலாக இனி ஆயுசுக்கும் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. "இன்னைக்குப் போட்டது இன்னைக்கே தெரியாதும்மா. விடாமப் போட்டுட்டு வாங்க, உள்ள வேலை நடந்துக்கிட்டே இருக்கும்" என்றார் டாக்டர். எனக்கு அது பிரசங்கம் மாதிரி இருந்தது. மாத்திரையைப் போட்டுவிட்டு, வேதத்தில் ஒரு பகுதி வாசித்து, கையை மூடித் திறந்து ஜெபித்தேன். குரல் வரவில்லை. அடுத்த நாளும் அதையே செய்தேன். அடுத்த நாளும் வரவில்லை.

வாரங்கள் போயின. தறிச் செட்டில் கையை ஆட்டிக் கூப்பிட்டேன். சபையில் வேறு ஒருத்தி பாட்டை எடுத்துக்கொடுத்தாள், சுருதி தப்பி. உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். மறுநாள் விடியலில் எழுந்து மாத்திரை போட்டேன், முழங்காலில் நின்றேன். கையை மூடக்கூட மனசு வரவில்லை. எத்தனை நாள்தான் ஊமையாகவே கேட்டுக்கொண்டிருப்பது? சும்மா நின்றேன்.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"ஆண்டவரே... எதுத்த வீட்டு ராஜம்மாக்காவுக்கு முட்டுவலி, இரங்கும். தறிச் செட்டுப் பிள்ளைகளுக்கு வேலை நிக்காமப் பாத்துக்கிடும். திருப்பூர்ல வேலை பாக்குற எம்பய நேரத்துக்குச் சாப்பிடணும், கண்ட சேர்க்கை சேரக் கூடாது..."

என் ஜெபம்! என் வார்த்தைகள், என் வரிசை, ஒன்றுகூட மாறவில்லை. தூங்குகிறார் என்றுதானே இத்தனை வருசமும் நினைத்தேன்! நடுவில், "கூமாப்பட்டி வெள்ளையம்மாவுக்குக் கல்லு எடுத்த புண்ணு ஆறணும்" என்று தன் கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, அதே ராகத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்:

"பொறவு, எங்க வீட்டுக்காரரு செல்வராசு. அவிய மனசு கல்லு மனசு, அதக் கரையும் ஆண்டவரே. கொறட்டையையும் கொஞ்சம் கொறையும்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கரகரவென்று ஒரு சத்தம் அறை முழுக்கக் கேட்டது. யார் இப்படிச் சிரிப்பது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து குதித்து இறங்கினார். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். கண் நிறையத் தண்ணீர்.

"ஏட்டி, சத்தம்! சத்தம் வருதுட்டி! சிரி, இன்னொரு தடவ சிரி!"